அம்மப்பா தந்த பாடமும் மகன் கொடுத்த விலையும்

1914ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஓர் இரவு. பேர்லின் நகரத்தின் தொழிலாளர் பகுதியொன்றில் ஒரு வைத்தியர் வீட்டில், 18 வயது மகன் தகப்பனிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நின்றான். முதலாம் உலகப் போர் தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. அவனுடைய வயதுக்காரரை அரசு இன்னும் அழைக்கவில்லை. தானாக விரும்பிப் படையில் சேருவதென்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். தகப்பன் மறுத்தார். நாட்டுக்கு நீ தேவையென்றால் கூப்பிட்டிருப்பார்கள்தானே என்று வாதிட்டார். மகன் பேச்சை நிறுத்திவிட்டுத் தாயைப் பார்த்தான். தாய் எழுந்து வந்தார். மகனுக்காகக் கணவரிடம் பேசினார். சம்மதம் கிடைத்தது.

மகனின் பெயர் பேற்றர். சில வாரப் பயிற்சிக்குப் பிறகு அவனைப் பெல்ஜியத்துக்கு அனுப்பினார்கள். ஒக்டோபர் மாதம் 22ஆம் திகதி இரவு, டிக்ஸ்மைட என்ற ஊருக்கு அருகே அவன் கொல்லப்பட்டான்.

தாய், ஓவியரும் சிற்பியுமான கேத்தே கொல்விற்ஸ். அப்போது அவருக்கு வயது 47. ஏழைகளின் துயரத்தை வரைந்தவர் என்று ஜேர்மனி முழுவதும் அறியப்பட்டிருந்தார். அந்த இரவில் தான் ஏன் எழுந்தேன் என்ற கேள்வி அதன் பிறகு அவரை விட்டுப் போகவேயில்லை. அதற்கான விடையின் பெரும்பகுதி, அவர் பிறந்து வளர்ந்த வீட்டில் இருந்தது.

பதவியை விட்ட இருவர்

கேத்தே 1867 ஜூலை 8ஆம் திகதி, அன்றைய கிழக்குப் பிரஷியாவின் கோனிக்ஸ்பேர்க் நகரில் பிறந்தார். இன்று அந்த நகரம் ரஷ்யாவுக்குச் சொந்தமானது. பெயரும் கலினின்கிராட் என்று மாறிவிட்டது.

அவருடைய அம்மப்பா யூலியுஸ் ருப் ஒரு லூதரன் மதகுரு. 1840களில் அவர் அரச திருச்சபையுடன் முரண்பட்டார். மனச்சாட்சிக்கு விரோதமான வாசகங்களை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று நின்றதால் பதவியை இழந்தார். 1846இல் தன்னோடு நின்றவர்களைச் சேர்த்துச் சுதந்திரமான ஒரு மதக் குழுவை உருவாக்கினார். பொலிஸ் நெருக்கடிகளுக்கு மத்தியிலும் அதைக் கைவிடவில்லை. உண்மை என்று ஒருவன் வாயால் சொல்வதை அவன் வாழ்ந்தும் காட்ட வேண்டும் என்பதுதான் அவருடைய போதனையின் சாரம்.

தகப்பன் கார்ல் ஷ்மிட் சட்டம் படித்தவர். தன்னுடைய அரசியல் கருத்துகளோடு பிரஷிய அரசின் கீழ் நேர்மையாக வேலை செய்ய முடியாது என்று கண்டதும் அந்தத் தொழிலை விட்டார். மேசன் வேலையைப் பழகி, வீடு கட்டுபவராக மாறினார். ருப் 1884இல் இறந்த பிறகு அவருடைய மதக் குழுவையும் இவரே வழிநடத்தினார்.

ஒரு சிறுமியின் கண் முன்னால் இருந்த இரண்டு பெரிய மனிதர்கள் இவர்கள். இருவருமே கொள்கைக்காகப் பதவியை இழந்தவர்கள். அதற்காக வருந்தாதவர்கள். வீட்டுப் பிள்ளைகள் அம்மப்பாவிடம்தான் சமயம் படித்தார்கள். அவர்மீது கேத்தேக்கு அன்பைவிட மரியாதையும் பயமும் கூட இருந்தன. அவரிடமிருந்து கேத்தே எடுத்துக்கொண்ட முக்கியமான பாடம் ஒன்று உண்டு. ஒருவருக்குக் கிடைத்த திறமை அவருடைய சொத்தாகாது; அது அவர்மீது சுமத்தப்பட்ட கடமை. முதுமை வரையிலும் கேத்தே இந்தப் பாடத்தை நினைவுகூர்ந்தார். ருப் பிறந்து நூறு ஆண்டு நிறைவான 1909இல் கோனிக்ஸ்பேர்க்கில் அவருக்கு ஒரு நினைவுக்கல் வைக்கப்பட்டது. அதில் பதித்த முகச்சிற்பத்தைச் செய்தவர் அவருடைய பேத்திதான்.

தகப்பனிடமிருந்து கிடைத்தது வேறு வகையான பாடம். மகளுடைய கையில் ஓவியம் இருப்பதை முதலில் கண்டுகொண்டவர் அவர். பெண் பிள்ளைகளை ஜேர்மனியின் கலைக் கல்லூரிகள் சேர்க்காத காலம் அது. செம்புத் தகட்டில் படம் செதுக்கும் ருடோல்ஃப் மவுவர் என்பவரிடம் மகளைப் படிக்க அனுப்பினார். பின்னர் பேர்லினிலும் மியூனிக்கிலும் பெண்களுக்கென்று இருந்த கலைப்பள்ளிகளில் படிக்க வைத்தார். கேத்தேயும் தங்கை லீசேயும் நகரத்தில் சுற்றித் திரிவதைப் பெற்றோர் தடுக்கவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தொழிலாளரை, ஆற்றில் வரும் சரக்குப் படகுகளை, சந்துகளை எல்லாம் பார்த்தே அவர்கள் வளர்ந்தார்கள். பின்னாளில் கேத்தே வரைந்த முகங்கள் இந்தச் சுற்றல்களில்தான் மனதில் ஏறின.

மாலை நேரங்களில் தகப்பன் பிள்ளைகளுக்குக் கவிதைகள் வாசித்துக் காட்டுவார். 1848 புரட்சியில் இறந்தவர்களைப் பற்றிய ஃபிரைலிக்ராத்தின் கவிதை கேத்தேயின் மனதில் ஆழமாகத் தைத்தது. தெருத் தடுப்பரண்களின் பின்னால் அப்பாவும் தமையன் கொன்ராட்டும் போராட, தான் அவர்களுக்குத் துப்பாக்கி நிரப்பிக் கொடுப்பதாக அந்தச் சிறுமி கனவு கண்டாள். கொள்கைக்காக உயிரைக் கொடுப்பது மிக உயர்ந்த செயல் என்ற எண்ணம் அந்த வீட்டின் காற்றிலேயே கலந்திருந்தது. அதில் பிழை இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

அழாத அம்மா

தாய் கத்தரீனா தன் முதல் பிள்ளைகள் இருவரைச் சின்ன வயதிலேயே இழந்தவர். கேத்தேக்குப் பிறகு பிறந்த பெஞ்சமினும் ஒரு வயதில் மூளைக்காய்ச்சலால் இறந்தான். அந்த நாட்களில் நடந்த ஒன்றைக் கேத்தே பல ஆண்டுகள் கழித்து எழுதி வைத்திருக்கிறார். குடும்பம் மேசையில் சாப்பிட இருந்தது. தாய் சூப்பைக் கோப்பைகளில் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார். தாதி கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்து, குழந்தையின் நிலை மோசமாகிவிட்டது என்று சத்தமிட்டாள். தாய் ஒரு கணம் விறைத்து நின்றார். பிறகு தொடர்ந்து சூப்பை ஊற்றினார். எல்லோர் முன்னாலும் அழுவதில்லை என்று அம்மா தன்னைக் கட்டிப்போட்டிருப்பது அந்தச் சிறுமிக்கு விளங்கியது. அம்மா எவ்வளவு வேதனைப்படுகிறார் என்பதும் விளங்கியது.

கொல்விற்ஸின் படங்களில் வரும் தாய்மார் பெரும்பாலும் வாய்விட்டு அழுவதில்லை. கையால் முகத்தை மூடியிருப்பார்கள், அல்லது பிள்ளையை இறுக்கி அணைத்திருப்பார்கள். அந்த மேசையில் நின்ற தாயை அவற்றில் அடையாளம் காண முடிகிறது.

வைத்தியர் வீட்டில் ஓர் ஓவியர்

1891இல் கேத்தே, தமையனின் நண்பரான வைத்தியர் கார்ல் கொல்விற்ஸைத் திருமணம் செய்தார். தகப்பனுக்கு இதில் முழு விருப்பமில்லை. குடும்பச் சுமையில் மகளின் கலை நின்றுவிடும் என்று பயந்தார். இருவரும் பேர்லினில் பிரென்ஸ்லவர் பேர்க் பகுதியில் குடியேறினார்கள். கார்ல் தொழிலாளர் காப்புறுதித் திட்டத்தின் கீழ் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தார். வேலையில்லாதவரின் மனைவி, தொடர்ந்து பிள்ளை பெற்றுக் களைத்தவள், குடிகாரனிடம் அடி வாங்கியவள் என்று நாளாந்தம் பெண்கள் அந்த வீட்டுக்கு வந்தார்கள். சிலர் கேத்தேயிடமும் கதைத்துவிட்டுப் போவார்கள். 1892இல் ஹான்ஸும் 1896இல் பேற்றரும் பிறந்தார்கள்.

1893இல் சைலீசிய நெசவாளரின் கிளர்ச்சி பற்றிய கெர்ஹார்ட் ஹவுப்ட்மனின் நாடகத்தைக் கேத்தே பார்த்தார். அதன் தாக்கத்தில் நான்கு ஆண்டுகள் உழைத்து ஆறு அச்சோவியங்களைச் செய்து முடித்தார். நோயுற்றிருந்த தகப்பனின் முன்னால் அவற்றைப் பரப்பி வைத்தபோது அவர் மகிழ்ச்சியில் வீடு முழுக்க ஓடி மனைவியைக் கூப்பிட்டாராம். படங்கள் 1898இல் பேர்லின் கண்காட்சியில் வைக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. நடுவர் குழு தங்கப் பதக்கத்துக்குப் பரிந்துரைத்தது. பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் அதைக் கொடுக்க மறுத்தார்.

1903இல் அவர் செய்த செதுக்கோவியம் ஒன்று இறந்த பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாயைக் காட்டுகிறது. அதற்குப் பிள்ளையாக இருந்தவன் ஏழு வயதுப் பேற்றர். அவனை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, கண்ணாடியில் பார்த்துத் தன்னையே வரைந்தார் கேத்தே. பாரம் தாங்காமல் அவர் முனகியபோது, படம் நன்றாக வரும் என்று பேற்றர் சின்னக் குரலில் ஆறுதல் சொன்னானாம். பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் படம் உண்மையானது.

எழுந்த தாய்

கேத்தே தன் பிள்ளைகளைத் தான் வளர்க்கப்பட்ட விதத்திலேயே வளர்த்தார். நம்புவதை வாழ வேண்டும், கடமையிலிருந்து ஒதுங்கக் கூடாது, தன்னைவிடப் பெரிய ஒன்றுக்காகத் தன்னைக் கொடுக்கத் தயங்கக் கூடாது. 1914இல் பேற்றர் தாயின் முன்னால் நின்றபோது அவன் இந்த மொழியில்தான் பேசினான். அவனுடைய நண்பர்களும் அப்படித்தான் போனார்கள். இந்த மொழியைக் கற்றுக்கொடுத்த தாய் அதற்கு எப்படி மறுப்புச் சொல்வது? கேத்தேக்குப் போர் வெறி இருக்கவில்லை. பிள்ளைகளைப் பாதுகாத்து வளர்த்த பெண்கள் அவர்களைப் பீரங்கிகளின் முன்னால் அனுப்பும் துணிவை எங்கிருந்து பெறுகிறார்கள் என்று அந்த நாட்களிலேயே நாட்குறிப்பில் கேட்டுக்கொண்டார். ஆனாலும் எழுந்தார்.

மகன் இறந்த பிறகு அவருடைய துயரத்துக்குள் ஒரு முடிச்சு இருந்தது. இந்தப் போர் பிழை என்று சொன்னால், பேற்றர் எதற்காகச் செத்தான் என்றாகிவிடும். அவன் நம்பியதை மறுப்பது அவனை இரண்டாம் தடவை இழப்பது போன்றது. போர் சரி என்று சொல்லவோ மனம் ஒப்பவில்லை. பேற்றரின் அறையை அப்படியே வைத்திருந்தார். அதில் போய் இருந்து அவனோடு மனதுக்குள் பேசினார். இந்த முடிச்சை அவிழ்க்க அவருக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பிடித்தன. ஜேர்மன் இளைஞர்கள், ஆங்கிலேய இளைஞர்கள், ரஷ்ய இளைஞர்கள், பிரெஞ்சு இளைஞர்கள் எல்லோரும் ஒரே தூய நம்பிக்கையோடு ஒருவரையொருவர் கொன்றிருக்கிறார்கள், எல்லோருடைய நம்பிக்கையும் ஏமாற்றப்பட்டிருக்கிறது என்ற முடிவுக்கு அவர் மெல்ல மெல்ல வந்தார்.

1918 ஒக்டோபரில், போர் தோல்வியில் முடியப் போகிறது என்று தெரிந்த பிறகும், கவிஞர் ரிச்சார்ட் டேமல் இன்னும் தொண்டர்கள் முன்வர வேண்டும் என்று பகிரங்கமாக அழைப்பு விடுத்தார். கேத்தே பத்திரிகையில் அதற்குப் பகிரங்க மறுப்பு எழுதினார். இறந்தது போதும், இனி ஒருவரும் சாகக் கூடாது என்பதே அதன் சாரம். விதைக்கு வைத்த தானியத்தை மாவாக்கக் கூடாது என்ற பொருளில் கதே எழுதிய ஒரு வரியோடு அதை முடித்தார். பசியில் கிடந்தாலும் விதைநெல்லில் கைவைக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்த எமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அம்மப்பாவின் பாடத்தைக் கேத்தே இப்படித்தான் பிரித்துப் பார்த்தார். நம்புவதை வாழ வேண்டும் என்பதை வைத்துக்கொண்டார். திறமை ஒரு கடமை என்பதையும் வைத்துக்கொண்டார். தன் கை செய்யக்கூடிய வேலையை முடிக்காமல் சாகக் கூடாது என்று பிடிவாதமாக உழைத்தார். ஆனால் பிள்ளையின் உயிரைக் காணிக்கையாகக் கொடுப்பது உயர்ந்தது என்ற எண்ணத்தை விட்டுவிட்டார். அம்மப்பாவும் அப்பாவும் கொள்கைக்காகக் கொடுத்தது தங்களுடைய பதவியை, தங்களுடைய வசதியை. 1914இல் கேட்கப்பட்டது ஓர் இளைஞனின் உயிர், அதைக் கேட்டது அரசு. இந்த வேறுபாடு தெரிய வருவதற்குள் பேற்றர் போய்விட்டான்.

1919இல் பிரஷிய கலை அக்கடமி அவரை உறுப்பினராக்கியது. அந்த அக்கடமிக்குத் தெரிவான முதல் பெண் அவர். 1923இல் போர் பற்றிய ஏழு மரச்செதுக்கு ஓவியங்கள் வெளிவந்தன. அவற்றில் போர்க்களமோ ஆயுதமோ இல்லை. குழந்தையை நீட்டிக் கொடுக்கும் தாய், மேளமடித்துப் போகும் மரணத்தின் பின்னால் செல்லும் இளைஞர்கள், ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து குனிந்திருக்கும் பெற்றோர், விதவைகள், பிள்ளைகளை நடுவில் வைத்து வட்டமாக அணைத்து நிற்கும் தாய்மார். மரணத்துக்கு மிக அருகில் போகும் இளைஞன் பேற்றர். 1924இல் போர் இனி வேண்டாம் என்று கையுயர்த்தும் அவருடைய சுவரொட்டி ஜேர்மனியின் சுவர்களில் ஒட்டப்பட்டது.

பகை நாட்டின் மண்ணில் ஒரு கல்லறை

பேற்றருக்கு ஒரு நினைவுச் சின்னம் செய்ய வேண்டும் என்று 1914 டிசெம்பரிலேயே தொடங்கியிருந்தார். முதலில் மகனின் உடலும் தலைமாட்டில் தகப்பனும் காலடியில் தாயுமாக யோசித்தார். அது சரிவரவில்லை. 1919இல் கைவிட்டார். பல ஆண்டுகள் கழித்து மறுபடி எடுத்தார். இறுதியில் மகனின் உருவம் இல்லாமற் போனது. பெற்றோர் மட்டும் எஞ்சினார்கள். தொடங்கிப் பதினெட்டாம் ஆண்டான 1932இல், பேற்றர் புதைக்கப்பட்ட பெல்ஜியத்து மயானத்தில் அந்தச் சிலைகள் வைக்கப்பட்டன.

தகப்பன் முழந்தாளில் நிமிர்ந்து இருக்கிறார், கைகளால் தன்னையே இறுக்கிப் பிடித்தபடி. தாய் முழந்தாளில் முன்னால் கவிழ்ந்து குனிந்திருக்கிறார். தகப்பனுக்குக் கார்லின் முகம், தாய்க்குக் கேத்தேயின் முகம். இருவரும் ஒரே பீடத்தில் இல்லை. இடையில் வெளி இருக்கிறது. பிள்ளையை இழந்த வீடுகளில் கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் தனித்தனியாகத் துக்கப்படுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வெளியின் அர்த்தம் தெரியும். அந்தச் சிலைகளில் வீரம் பற்றிய ஒரு சொல்லும் இல்லை.

1950களில் சிறிய மயானங்கள் ஒன்றாக்கப்பட்டபோது பேற்றரின் எச்சங்களும் சிலைகளும் விளாட்ஸ்லோ என்ற இடத்துக்கு மாற்றப்பட்டன. அங்கே 25,000க்கும் மேற்பட்ட ஜேர்மன் சிப்பாய்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் பெல்ஜியத்தை ஆக்கிரமித்த படையைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய தாய்மார் வந்து அழுவதற்குப் பெல்ஜியத்தின் மண்ணில் இன்றும் இடம் இருக்கிறது. துயிலும் இல்லங்கள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டதைக் கண்ட மக்கள் இந்தத் தகவலைச் சாதாரணமாகக் கடந்து போக முடியாது.

இரண்டாவது பேற்றர்

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். நாஸிகளுக்கு எதிராக இடதுசாரிக் கட்சிகள் ஒன்றுபட வேண்டும் என்ற அறிக்கையில் கேத்தேயும் கார்லும் கையெழுத்திட்டிருந்தார்கள். அதற்காகக் கேத்தே அக்கடமியிலிருந்து விலக வைக்கப்பட்டார். 1936இல் கெஸ்டாப்போ வீட்டுக்கு வந்து விசாரித்து, வதைமுகாமுக்கு அனுப்புவோம் என்று மிரட்டியது. கண்காட்சிகளிலிருந்து அவருடைய படைப்புகள் அகற்றப்பட்டன. அவர் நாட்டை விட்டுப் போகவில்லை. விற்க முடியாத, காட்ட முடியாத சிலைகளை வீட்டுக்குள் இருந்து செய்தார். இறந்த மகனை மடிக்குள் வைத்து மூடியிருக்கும் தாயின் சிறிய சிலை அந்த ஆண்டுகளில் செய்யப்பட்டது. 1940இல் கார்ல் காலமானார்.

மூத்த மகன் ஹான்ஸ் தன் முதல் பிள்ளைக்கு இறந்த தம்பியின் பெயரை வைத்திருந்தார். இரண்டாம் உலகப் போரில் அந்தப் பேரனும் போர்முனைக்குப் போக வேண்டியதாயிற்று. 1942இன் தொடக்கத்தில், 74 வயதில், கேத்தே தன் கடைசிக் கல்லச்சு ஓவியத்தைச் செய்தார். விதைத் தானியத்தைப் பற்றிய அதே வரியை அதற்குப் பெயராக வைத்தார். வயதான ஒரு பெண் பெரிய கைகளை விரித்துத் தன் மேலங்கிக்குள் மூன்று பையன்களை அடக்கி வைத்திருக்கிறாள். பையன்கள் அடங்கியிருக்கவில்லை. வெளியே ஓடிப்போகத் துடிக்கும் கண்களோடு எட்டிப் பார்க்கிறார்கள். அவள் விடவில்லை. 1914இல் எழுந்து நின்று மகனுக்காகப் பேசிய தாய், இந்தப் படத்தில் பையன்களின் விருப்பத்தைக் கேட்கவேயில்லை.

அதே ஆண்டு செப்டெம்பரில் பேரன் பேற்றர் ரஷ்யப் போர்முனையில் கொல்லப்பட்டான். அடுத்த ஆண்டு குண்டுவீச்சுக்குப் பயந்து கேத்தே பேர்லினை விட்டு இடம்பெயர்ந்தார். 1943 நவம்பரில், அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்த அவருடைய வீடு குண்டு விழுந்து அழிந்தது. பல படைப்புகளும் அதோடு போயின. கடைசி மாதங்களில் டிரெஸ்டனுக்கு அருகே மொரிற்ஸ்பேர்க்கில் பேத்தி ஒருத்தி அவரைப் பராமரித்தாள். 1945 ஏப்ரல் 22ஆம் திகதி, ஜேர்மனி சரணடைவதற்குச் சுமார் இரண்டு வாரங்களுக்கு முன்னர், அவர் அங்கே காலமானார்.

எங்களுடைய மண்ணில் தானாகப் போன பிள்ளையின் தாயும் இருக்கிறார். பிடித்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளையின் தாயும் இருக்கிறார். தன் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளையை இன்னும் தேடுபவரும் இருக்கிறார். கேத்தேயின் கதை இவர்கள் எல்லோருடைய கதையும் ஆகிவிடாது. அவருக்குக் கல்லறை இருந்தது, இறந்த திகதி தெரிந்திருந்தது. ஆனால் அவர் சுமந்த முடிச்சு இங்கேயும் பல வீடுகளில் இருக்கிறது. நடந்ததைக் கேள்வி கேட்டால் பிள்ளையைக் காட்டிக்கொடுப்பதாகிவிடுமோ என்று வாய் திறக்காத பெற்றோர் நம் மத்தியில் குறைவில்லை. மகன்மீது வைத்த அன்பையும், அவனைக் கொண்டுபோன போர்மீதான தீர்ப்பையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம் என்பதற்குக் கேத்தேயின் வாழ்க்கை ஒரு சாட்சி. பேற்றரின் நேர்மையை அவர் ஒருநாளும் சந்தேகிக்கவில்லை. அம்மப்பாவையும் குற்றம் சொல்லவில்லை. அவர்கள் தந்தவற்றில் எதை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது, எதைத் தன்னோடு நிறுத்திக்கொள்வது என்று தீர்மானிக்கும் பொறுப்பை மட்டும் தானே எடுத்துக்கொண்டார்.